பச்சை ஜாடியும் குற்றமற்ற நானும்

1

வியாழக்கிழமை, மாலை நான்கு மணி பத்து நிமிடம். கோர்ட்டுத் தாளில் அப்படித்தான் அச்சாகியிருக்கிறது. ஒரு குடும்பம் கெட்டுப்போகத் தொடங்கிய நிமிடத்தைக்கூட இந்த நாட்டில் யாராவது குறித்துவைத்துக்கொள்கிறார்கள். நம் ஊரில் பிறந்த நேரத்தை மட்டும்தான் குறிப்போம். மற்றதெல்லாம் அதிலேயே இருக்கிறது என்று ஜோசியர் சொல்லிவிடுவார்.

அந்த நிமிடத்தில் நான் தொழிற்சாலையில் இருந்தேன். 'அமெரிக்காவில் செராமிக் இன்ஜினியர்' என்று என் அண்ணன் விருத்தாசலம் ஊர் முழுக்கச் சொல்லிவைத்திருக்கிறார். என் வேலை, சூளையிலிருந்து வரும் கழிப்பறைப் பீங்கான்களை மரச்சுத்தியால் தட்டிப் பார்ப்பது. நல்ல பீங்கான் மணி போல ஒலிக்கும். உள்ளே விரிசல் இருந்தால் மொத்தென்று சத்தம் வரும். அதை ஓரமாகத் தள்ளிவிட்டு அடுத்ததைத் தட்ட வேண்டும். அமெரிக்கர்கள் நிம்மதியாக உட்காருவதற்கு நான் பொறுப்பு.

வீட்டில் என் மனைவி செல்வியும் மகள் அம்பிகாவும் இருந்தார்கள். மகளுக்கு நாலரை வயது. முன்கூட்டிச் சொல்லாமல் இரண்டு பெண்கள் வந்து கதவைத் தட்டினார்கள். ஒருத்தி சுகாதாரத் துறை. அவள் கையில் துப்பாக்கி போல ஒரு கருவி இருந்தது. எந்தப் பொருளின் மேல் வைத்து அழுத்தினாலும் அதில் ஈயம் இருக்கிறதா என்று காட்டும். இன்னொருத்தி குழந்தைகள் நலத்துறை. இரண்டாவது ஆள் எதற்கு வந்திருக்கிறாள் என்று செல்விக்குத் தெரியாது. வந்தவர்களை வெறும் வயிற்றோடு அனுப்பக்கூடாது என்பது மட்டும் தெரியும். நான்கு மணி, டிபன் நேரம். உப்புமா கிண்டினாள். தட்டில் வைத்து, பக்கத்தில் எலுமிச்சை ஊறுகாய் வைத்தாள். ஊறுகாயை அவர்கள் கண் முன்னாலேயே, அலமாரியில் இருந்த பச்சை ஜாடியிலிருந்து கரண்டியால் எடுத்து வைத்தாள்.

சுகாதாரத் துறைப் பெண் உப்புமாவைத் தொடவில்லை. எழுந்து போய்த் துப்பாக்கியை ஜாடியின் வயிற்றில் வைத்தாள். இது எங்கே வாங்கியது என்று கேட்டாள்.

செல்வி தன் இங்கிலீஷில் சொன்னாள்: "மை ஹஸ்பெண்ட் மேக். மை டவுன்." பெருமையாகச் சொல்லியிருப்பாள். எனக்குத் தெரியும், அவள் அதை எப்படிச் சொல்வாள் என்று.

போன தடவை நான் வந்தபோது இது எங்கே இருந்தது என்று அந்தப் பெண் கேட்டாள்.

"கார்," என்றாள் செல்வி. உண்மையைத்தான் சொன்னாள்.

அன்று இரவு அம்பிகா ஆஸ்பத்திரியில். ஐந்தாம் நாள் முன்பின் தெரியாத ஒரு அம்மாளின் வீட்டில்.

2

இதை எழுதச் சொன்னவன் சகாயம். என்னோடு செராமிக் டிப்ளமோ படித்தவன். விருத்தாசலத்திலேயே தங்கி, சின்னதாக ஒரு யூனிட் வைத்துப் பீங்கான் பொம்மையும் ஃப்யூஸ் கட்டையும் செய்கிறவன். பழைய மாணவர்கள் சேர்ந்து ஒரு மலர் போடுகிறார்களாம்.

"நாலு பக்கம் எழுதுடா மாப்ள. பனி, காரு, வூடு, வேல, எல்லாத்தையும் போடு. நம்ம ஜூனியர் பசங்க படிச்சா ஒரு இது வரும்."

சரி, ஜூனியர்களே. பனி நன்றாக இருக்கிறது. கார் இருக்கிறது. அதில்தான் ஜாடியை ஒளித்துவைத்தேன்.

அந்த ஜாடியை உங்களில் மூத்தவர்கள் பார்த்திருப்பீர்கள். எண்பதுகளின் கடைசி, கடைசி வருடக் கண்காட்சி. மற்றவர்கள் எல்லாம் டீ கப்பும் இன்சுலேட்டரும் செய்து மேசையில் அடுக்கியபோது, நான் மட்டும் முழங்கால் உயரத்தில் மூடியோடு ஒரு ஜாடி செய்து வைத்தேன். அதன் பச்சைதான் பேச்சு. கார்த்திகை மழை விட்ட மறுநாள் கருவேப்பிலங்குறிச்சிப் பக்கம் பஸ்ஸில் போனால் நடவு வயலில் ஒரு பச்சை தெரியுமே, அதை அப்படியே பீங்கானில் இறக்க வேண்டும் என்று எனக்கு வெறி. பதினேழு சில்லுகளில் கிளேஸ் என்ற மேல்பூச்சைப் பூசிச் சுட்டுப் பார்த்தேன். எல்லாம் பாசி பிடித்த மாதிரி வந்தது. கடைசியில் ரெட் லெட் என்ற சிவப்பு ஈயப் பொடியைச் சேர்த்தேன். ஈயம் இருந்தால்தான் அந்தப் பளபளப்பு. தாமிரம் இருந்தால்தான் அந்தப் பச்சை. சகாயம் நிறுத்துக் கொடுத்தான், நான் கலந்தேன். ஜங்ஷன் ரோட்டுப் பக்கம் ஒரு வாடகைச் சூளையில், குறைந்த சூட்டில் எடுத்தோம். திறந்தபோது சகாயம் மாதாவைக் கூப்பிட்டுக் கும்பிட்டான்.

எங்கள் வாத்தியார் ஜாடியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "அழகா இருக்குது," என்றார். பிறகு, "இதுல பூ வைக்கலாம். புளிப்பு வச்சிடாதீங்கடா. ஈயக் கிளேஸ்ல தாமிரம் சேர்ந்தா ஈயம் இன்னும் சுலபமா எறங்கும்," என்றார்.

இது எனக்குத் தெரியாமல் போன விஷயம் அல்ல. பரீட்சையில் ஐந்து மார்க் கேள்வியாகவே வந்தது. ஐந்துக்கு ஐந்து வாங்கினேன்.

பிறகு நாற்பதை நெருங்கும் வயதில் கல்யாணம். செல்வி கம்மாபுரத்துக்காரி, சுரங்கத்துக்கு நிலம் போன குடும்பம். எங்கள் வீட்டுக்கு வந்த முதல் வாரம் பரணில் கிடந்த ஜாடியைப் பார்த்தாள். துணியால் துடைத்து வெளிச்சத்தில் வைத்து, "இத நீங்களா பண்ணீங்க? நெசமாவா?" என்றாள். என்னை அப்படி யாரும் பார்த்ததில்லை. "ஊறுகாய்க்கு நல்லா இருக்கும்ங்க," என்றாள். அந்த இடத்தில் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் என்று கேட்பாள். ஏன் என்று சொன்னால் அது வெறும் காட்சிப் பொருள் ஆகிவிடும், நானும் ஆகிவிடுவேன். சிரித்துக்கொண்டு நின்றேன்.

ஒவ்வொரு வருடமும் எலுமிச்சை போட்டாள். இங்கே வரும்போது மூன்று புடவைகளுக்கு நடுவில் சுற்றி அதைக் கொண்டுவந்தவளும் அவள்தான். விமானத்தில் என் துணி இருந்த பெட்டி தொலைந்தது. ஜாடி கீறல் இல்லாமல் வந்து சேர்ந்தது.

3

கோர்ட்டுத் தாளில் இருக்கிற நேரம் தப்பு. அதைத் திருத்த வேண்டும். தொடங்கியது வியாழன் மாலை நான்கு பத்துக்கு அல்ல. அதற்கு நான்கு மாதங்களுக்கு முன்பு ஒரு திங்கட்கிழமை, காலை ஒன்பது நாற்பதுக்கு.

பள்ளியில் சேர்ப்பதற்காக அம்பிகாவுக்கு ரத்தம் எடுத்தார்கள். ரத்தத்தில் ஈயம் இருக்கிறது, இருக்க வேண்டியதைவிடப் பல மடங்கு இருக்கிறது என்று கடிதம் வந்தது. திங்கட்கிழமை பத்து மணிக்கு வீட்டைச் சோதிக்க வருவதாகவும் எழுதியிருந்தார்கள். நாங்கள் வாடகைக்கு இருந்தது பழைய கட்டடம். ஜன்னல் சட்டத்தில் சுண்டினால் பெயிண்ட் உதிரும். காரணம் அதுதான் என்று முடிவு கட்டி, வீட்டுச் சொந்தக்காரனுக்கு மூன்று பக்கக் கடிதம் எழுதினேன். மனித உரிமை என்றெல்லாம் எழுதினேன். என் வாழ்க்கையிலேயே நல்ல இங்கிலீஷ் அதுதான்.

ஒன்பது நாற்பதுக்கு லீவு போட்ட பெரிய மனுஷனாகச் சமையலறையில் நின்று காப்பி குடித்துக்கொண்டிருந்தேன். அலமாரியில் ஜாடி இருந்தது. அதன் மூடியை எடுத்து அம்பிகா நக்கிக்கொண்டிருந்தாள். தயிர்ச்சோற்றுக்கு அவளுக்கு அந்தச் சாறு வேண்டும். சோறு இல்லாதபோது விரலை விட்டு எடுத்து நக்குவாள். தினமும் பார்க்கிற காட்சி. அன்றைக்குத்தான் ஐந்து மார்க் கேள்வி ஞாபகம் வந்தது.

ஞாபகம் வந்தவன் என்ன செய்ய வேண்டும்? குழந்தை கையிலிருந்து மூடியைப் பிடுங்க வேண்டும். பிடுங்கினேன். ஜாடியைக் கொண்டுபோய்க் குப்பையில் போட வேண்டும். அதைச் செய்யவில்லை. ஒரு போர்வையில் சுற்றி, காரின் பின்னால் அரிசி மூட்டைக்குப் பின்னால் வைத்தேன்.

"ஏங்க அத எடுத்துட்டுப் போறீங்க?" என்றாள் செல்வி.

"வர்றவங்க கை பட்டு ஒடஞ்சிடப் போவுது."

"ஆமாங்க, அதுவும் சரிதான்," என்றாள். என் மேல் அவளுக்கு எவ்வளவு நம்பிக்கை!

அந்தப் பெண் வந்தாள். சுவர், ஜன்னல், கதவு என்று எல்லாவற்றிலும் துப்பாக்கியை வைத்துப் பார்த்தாள். ஜன்னல் சட்டத்தில் கொஞ்சம் காட்டியது. நான் வெற்றி பெற்றவன்போல நின்றேன். சமையல் பாத்திரம், ஊரிலிருந்து கொண்டுவந்த மண் பாத்திரம், பீங்கான் ஏதாவது உண்டா என்று கேட்டாள். இல்லை என்றேன். நான் செராமிக் படித்தவன், எனக்குத் தெரியாதா என்றும் சேர்த்துக்கொண்டேன்.

அவள் போன மறுநாள் செல்வி ஊறுகாய் கேட்டாள். ஜாடியை எடுத்து வந்து அலமாரியில் வைத்தேன். இதை இரண்டு தடவை எழுத வேண்டும்போல இருக்கிறது. எடுத்து வந்து வைத்தேன். பெயிண்ட்தான் காரணம் என்று அரசாங்கக் கருவியே சொல்லிவிட்டதே! வீட்டுச் சொந்தக்காரன் பெயிண்டைச் சுரண்டி வேறு பெயிண்ட் அடித்தான். நான் மேற்பார்வை பார்த்தேன்.

நான்கு மாதம் கழித்து மறுபடி ரத்தம் எடுத்தார்கள். அளவு இறங்கவில்லை, ஏறியிருந்தது. அதனால்தான் அந்த வியாழக்கிழமை.

4

கோர்ட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். நம் ஊர் கோர்ட்டு வாசலில் வேப்பமரமும் டீக்கடையும் கூட்டமும் இருக்கும். பார்த்தவுடனே பயம் வரும். இங்கே கம்பளம் விரித்து, மூலையில் கரடி பொம்மை வைத்திருக்கிறார்கள். பயம் உள்ளே போய் உட்கார்ந்த பிறகுதான் வருகிறது. வழக்கின் பெயர், 'இந்த மாநிலத்தின் மக்கள், அம்பிகாவின் நலன் பொருட்டு'. அதாவது இத்தனை லட்சம் மக்கள் ஒரு பக்கம். நானும் செல்வியும் மறுபக்கம். அரசாங்கத்துக்கு ஒரு வக்கீல், எனக்கு ஒன்று, செல்விக்கு ஒன்று, நாலரை வயது அம்பிகாவுக்குத் தனியாக ஒன்று.

செல்விக்கு மொழிபெயர்க்க போனில் ஒரு அம்மா வந்தார். இலங்கைத் தமிழ். நீதிபதி சொல்வதை மட்டும்தான் சொல்ல வேண்டும் என்று விதி. அவர் நடுவில், "அழாதேங்கோ தங்கச்சி, இது முடியிற விஷயம்தான்," என்றார். என்ன சொன்னாய் என்று நீதிபதி கேட்டார். "தெளிவாகப் பேசச் சொன்னேன்," என்று அந்த அம்மா இங்கிலீஷில் பதில் சொன்னார். அந்தக் கட்டடத்தில் எனக்குப் பிடித்த ஒரே ஆள், அதிலும் முகம் தெரியாதவர்.

என் வக்கீல் சின்னப் பையன். ஒரு ஷூவில் கயிறு கட்டியிருக்க மாட்டான். முதல் நாளிலிருந்து அவனிடம் நான் ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தேன். என் மேல் தப்பில்லை. கட்டடம் பழசு. எங்கள் ஊரில் தலைமுறை தலைமுறையாகப் பீங்கானில்தான் ஊறுகாய் போடுகிறார்கள். எங்கள் பண்பாடு உங்கள் கருவிக்குத் தெரியாது. பண்பாடு என்று நான் சொன்ன ஒவ்வொரு தடவையும் அவன் மரியாதையாகத் தலையாட்டினான்.

மூன்றாவது வாரம் சிரித்துக்கொண்டே வந்தான். நல்ல செய்தி என்றான். இங்கே சட்டத்தில் ஒரு வழி இருக்கிறதாம். பெற்றோர் தப்பு செய்தார்கள் என்று யாரும் நிரூபிக்கத் தேவையில்லை; நாமும் ஒப்புக்கொள்ளத் தேவையில்லை. குழந்தை தீங்கான சூழலில் இருந்தது என்று மட்டும் கையெழுத்துப் போட்டால் போதும். யார் மேலும் குற்றமில்லை. அடுத்த வேலையைப் பார்க்கலாம்.

மழை, வெயில், சூழல்! ஜாடி தானாக வளர்ந்து, தானாக அலமாரியில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. ஐந்தே நிமிடத்தில் கையெழுத்துப் போட்டேன். பேனாகூட அவனுடையது.

செல்வியும் போட்டாள். காரில் வரும்போது கேட்டாள்: "யார் மேலயும் தப்பு இல்லன்னு எழுதிட்டாங்களா?"

"ஆமா."

"அப்ப புள்ள ஏன் நம்மகிட்ட இல்ல?"

ரேடியோவைப் போட்டேன்.

இரண்டு நாள் கழித்து, பிளாஸ்டிக் பையில் சீட்டுக் கட்டி ஜாடி சாட்சிப் பொருளாகப் பெட்டகத்துக்குப் போனது. நான் செய்த பொருட்களில் ஒரு அரசாங்கம் பத்திரமாகப் பாதுகாக்கிற ஒரே பொருள் அதுதான். அண்ணன் இதையும் ஊரில் சொல்லலாம்.

5

புதன்கிழமை தோறும் நான்கு முதல் ஆறு வரை மகளைப் பார்க்கலாம். அலுவலகத்தில் ஒரு அறை. மூலையில் ஒருத்தி உட்கார்ந்து எழுதிக்கொண்டே இருப்பாள். மடியில் வைத்தால் எழுதுவாள். வைக்காவிட்டாலும் எழுதுவாள். செல்வி சோறு ஊட்டினால், குழந்தை தானாகச் சாப்பிட வாய்ப்புத் தரவில்லை என்று எழுதினாள். அதை அறிக்கையில் பார்த்தபோது செல்வி கேட்டாள்: "ஊட்டறதுமா கேஸு?"

அம்பிகா இருந்த வீட்டுக்காரம்மாள் முன்பு பள்ளிக்கூட பஸ் ஓட்டியவர். நல்ல கனத்த உடம்பு. அவரை வெறுப்பதற்கு ஏதாவது கிடைக்காதா என்று தேடினேன். ஒரு நோட்டில் ஒவ்வொரு நாளும் குழந்தை என்ன சாப்பிட்டது, எத்தனை மணிக்குத் தூங்கியது என்று எழுதி அனுப்புவார். ஈயத்தை இழுக்கிற மருந்து அழுகிய முட்டை போல நாறும். அதை ஆப்பிள் கூழில் கலந்து, தானும் ஒரு வாய் வெறும் கூழை எடுத்து மூக்கைப் பிடித்துக்கொண்டு கூடச் சாப்பிடுவாராம். தயிர்ச்சோற்றுக்கு எத்தனை பங்கு தயிர் என்று செல்வியிடம் கேட்டு எழுதிக்கொண்டார். இப்படிப்பட்டவரை எந்தப் பக்கம் பிடித்து வெறுப்பது?

முதல் மாதம் அம்பிகா போகும்போது அழுதாள். இரண்டாம் மாதம் அழவில்லை. மூன்றாம் மாதம் நான் தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொன்னாள். அவள் அம்மாவிடம் மட்டும் தமிழ் வரும், அதுவும் யோசித்து யோசித்து. நான் திருத்தினேன். மூலையில் இருந்தவள் எழுதினாள்.

ஒருநாள் அம்பிகா விளையாட்டுக் கட்டைகளை அடுக்கிக்கொண்டே சொன்னாள்: "அங்க ரூல் இருக்குது. ஃப்ரிட்ஜ்ல ஒட்டியிருக்குது."

"என்ன ரூலு கண்ணு?" என்றாள் செல்வி.

"ஷூ ஒரே எடத்துல வெக்கணும். கை கழுவணும். கேட்டுட்டுதான் எடுக்கணும். பொய் சொல்லக்கூடாது."

"சமத்து. சின்னப் புள்ளைங்க பொய் சொல்லக்கூடாது."

"சின்னப் புள்ளைங்க இல்ல. எல்லாரும்."

கட்டைக் கோபுரம் விழவில்லை. அவள் மேலும் ஒரு கட்டையை வைத்தாள்.

6

கையெழுத்துப் போட்டால் அடுத்த வேலையைப் பார்க்கலாம் என்றானே வக்கீல், அந்த அடுத்த வேலை பெற்றோர் பயிற்சி வகுப்பு. செவ்வாய் மாலைகள். பலகையில் மனித முகம் வரைந்து, கோபம் வந்தால் பத்து வரை எண்ணச் சொல்லித்தந்தார்கள். இருபத்து மூன்று வயதுப் பெண் ஒருத்தி, கல்யாணமாகாதவள், குழந்தை கண்ணைப் பார்த்துப் பேச எனக்குக் கற்றுத்தந்தாள். ஒரு வகுப்பும் விடாமல் போனேன். சான்றிதழ் தந்தார்கள். படிப்பில் நான் எப்போதும் அப்படித்தான், ஐந்துக்கு ஐந்து.

சான்றிதழைக் கொண்டுபோய் நலத்துறைப் பெண்ணிடம் நீட்டினேன். குழந்தை எப்போது வரும் என்று கேட்டேன். அவள் தன் அறிக்கையைத் திருப்பிக் காட்டினாள். அதில் இப்படி இருந்தது: தந்தை எல்லா வகுப்புக்கும் வந்தார், நடந்ததில் தன் பங்கு என்ன என்று கேட்டால் கட்டடத்தைப் பற்றிப் பேசுகிறார், இப்போதைக்குக் குழந்தையை அனுப்பப் பரிந்துரைக்க முடியாது.

என்னால் பத்து வரை எண்ண முடியவில்லை. யார் மேலும் குற்றமில்லை என்று உங்கள் கோர்ட்டே எழுதிக் கொடுத்திருக்கிறதே என்று கத்தினேன். அது வழக்கைத் திறப்பதற்கு, நான் வழக்கை மூட வேண்டியவள் என்றாள். ஜாடியை ஏன் காரில் வைத்தீர்கள் என்று கேட்டாள். உடையாமல் இருக்க என்றேன். சரி என்று எழுதிக்கொண்டாள். கோர்ட்டுக்கு என் தப்பு வேண்டாம். இவளுக்கு வேண்டும். ஒரே அரசாங்கம், இரண்டு வாசல்.

அங்கிருந்து கிளம்பி, கார் நிறுத்துமிடத்திலேயே சகாயத்துக்குப் போன் செய்தேன். காலிங் கார்டில் மீதி நிமிடங்கள் கொஞ்சம்தான் இருந்தன. ஊரில் அப்போதுதான் விடிந்திருக்கும். செல்வி காருக்குள் இருந்தாள். நான் வெளியே, கதவைத் திறந்து வைத்து அதன் மேல் சாய்ந்து நின்றேன். நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னேன். ஊரில் முதலில் சொன்னது அவனிடம்தான். பிறகு விஷயத்துக்கு வந்தேன்.

"உன் யூனிட் லெட்டர்பேடுல ஒரு லெட்டர் வேணும்டா. இந்த மாதிரி கிளேஸு எங்க ஊர்ல காலங்காலமா சாப்பாட்டுப் பாத்திரத்துக்குப் போடறோம், ஒண்ணும் ஆனதில்லன்னு. சீல் போட்டு அனுப்பு."

அந்தப் பக்கம் ஏதோ எக்ஸ்பிரஸ் போகிற சத்தம் கேட்டது.

"மாப்ள, நான் பண்ற கப்புல என் மூணு புள்ளைங்களும் டீ குடிக்குதுங்க. அதுல ரெட் லெட் போடுறனா? யார்ரா போடுறா காலங்காலமா? ஊரு மேல ஏன்டா போடுற?"

"ஒரு லெட்டர்தானடா."

"நான்தானடா நிறுத்துக் குடுத்தேன். பக்கத்துல நின்னு கேட்டேன், சாரு சொன்னத. பரீட்சையில எழுதுனமே, அஞ்சு மார்க்கு." குரல் இறங்கியது. "நீ மறந்துட்டிருப்பன்னு நெனச்சேன். இத்தன வருசம் ஆச்சே. மறந்துட்டன்னு சொல்லுடா, எனக்கு மனசு ஆறும்."

நான் சொன்னேன்: "மறக்கலடா."

ஒரு நிமிடம்தான் பாக்கி என்று காலிங் கார்டுப் பெண்ணின் குரல் நடுவில் வந்தது. அவன் ஏதோ சொல்லிக்கொண்டிருக்கும்போதே அறுந்தது.

காருக்குள் உட்கார்ந்தேன். செல்வி என்னைப் பார்க்கவில்லை. கண்ணாடிக்கு வெளியே யாருடைய காரையோ பார்த்துக்கொண்டு கேட்டாள்: "என்னாத்த மறக்கல?"

சொன்னேன். வாத்தியார், பரீட்சை, பரணில் அவள் ஜாடியைத் துடைத்த நாள், மூடியைப் பிடுங்கிய ஒன்பது நாற்பது, மறுநாள் திரும்ப எடுத்து வைத்தது. வரிசையாகச் சொன்னேன். சொல்லும்போதுகூட எங்கேயாவது ஒரு 'ஆனால்' போட இடம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

ஒன்பது வருடத்தில் முதல் தடவையாக அவள் என்னை அப்படிக் கூப்பிட்டாள்.

"தெரிஞ்சே வச்சியா நீ?"

கார் சாவியைத் தேடினேன்.

"நான் என் கையால அதுல போட்டு, என் கையால ஊட்டியிருக்கேன். ஒவ்வொரு நாளும். நீ எதுர்ல உக்காந்து சாப்புட்ட." பிறகு, குரலை உயர்த்தாமல் சொன்னாள்: "நாளைக்குக் காலையில அந்தம்மாகிட்ட நீயே போயி சொல்லு. நீ சொல்லலன்னா நான் சொல்லுவேன். எனக்கு இங்கிலீஷு வராது, ஆனா இதச் சொல்ல வரும். அப்புறம் புள்ள எங்கிட்ட மட்டும்தான் வரும். உங்கிட்ட வராது."

ஆகவே, மனசாட்சி விழித்தது என்று யாரும் மலரில் கட்டம் கட்டிப் போட வேண்டாம். மனைவி மிரட்டினாள், போனேன்.

மறுநாள் காலை, கூட வக்கீல் இல்லாமல் சொன்னேன். பின்னால் விஷயம் தெரிந்ததும் அவன் தலையில் கை வைத்தான். போலீஸ் வரும், வேலை போகும், குழந்தை வரவே வராது என்று இரவெல்லாம் நான் கணக்குப் போட்டிருந்தேன். நலத்துறைப் பெண் திடுக்கிடவில்லை. எழுதிக்கொண்டாள். ஒளித்துவைத்த தேதியைக் கேட்டாள். திரும்ப எடுத்து வைத்த தேதியைக் கேட்டாள். எழுதி முடித்துப் பேனாவை மூடிவிட்டு, இத்தனை மாதத்தில் இன்றுதான் நீங்கள் கேள்விக்குப் பதில் சொன்னீர்கள் என்றாள். நான் பாராட்டை எதிர்பார்த்தேன் போலிருக்கிறது. இன்னும் மூன்று மாதம் கண்காணிப்பு நீட்டிக்கப்படும் என்றாள்.

உண்மை சொன்னதற்கு மூன்று மாதம். பொய் சொல்லியிருந்தால் எத்தனை என்று கேட்கத் தோன்றியது.

7

அந்த மூன்று மாதத்தில் வேறு வீடு பார்த்தோம். பாத்திரங்களை ஒவ்வொன்றாகத் துப்பாக்கி முன் நீட்டினோம். இப்போது எங்கள் சமையலறையில் கண்ணாடியும் எவர்சில்வரும் தவிர எதுவும் இல்லை. செராமிக் படித்தவன் வீட்டில் ஒரு பீங்கான் கப் கிடையாது, கழிப்பறையைத் தவிர.

ரத்தத்தில் ஈயம் இறங்கிவிட்டது. எலும்புக்குள் போனது எவ்வளவு, மூளைக்குள் போனது எவ்வளவு என்று டாக்டருக்குத் தெரியவில்லை. பள்ளிக்கூடம் போய், எழுத்துக் கூட்டி, கணக்குப் போட ஆரம்பித்த பிறகு பார்க்கலாம் என்கிறார். பல வருடம் ஆகும். இதைச் சொல்லும்போது அவர் என் கண்ணைப் பார்த்துப் பேசினார். அவரும் அந்த வகுப்புக்குப் போயிருப்பார்.

இங்கே பொங்கலுக்குப் பொங்கல் கூடுகிற தமிழர்கள் எங்களை இந்த வருடம் அழைக்க மறந்துவிட்டார்கள். ஊரில் அண்ணனுக்கு இன்னும் தெரியாது. மலர் வந்தால் தெரிந்துகொள்வார். செல்வி இப்போதும் என்னை நீ என்றுதான் சொல்கிறாள். மூன்றாம் மனிதர் முன்னால் மட்டும் நீங்க. நான் கேட்டுக்கொள்ளவில்லை, அது அவளாகத் தருகிற சலுகை.

சகாயம், இதுதான் உன் நாலு பக்கம். போடுவதென்றால் முழுசாகப் போடு. ஜூனியர்கள் அந்த ஐந்து மார்க் கேள்வியைப் படிக்கட்டும்.

கடைசியாக ஒன்று. நேற்று சனிக்கிழமை. காலை பதினொன்றுக்கு நலத்துறைக் கார் வந்து நின்றது. செல்வி ஆறு மணியிலிருந்தே ஜன்னலை விட்டு நகரவில்லை. தயிர்ச்சோறு கண்ணாடிக் கிண்ணத்தில் மூடி இருந்தது. நான் கதவைத் திறந்து வைத்தேன். நலத்துறைப் பெண் பின்னாலேயே நின்றுகொண்டாள்.

அம்பிகா முதுகில் ஒரு பையோடு படியேறி வந்தாள். வீட்டு வாசலில் பார்க்கும்போது இன்னும் வளர்ந்தவளாகத் தெரிந்தாள். செல்வி கையை நீட்டினாள். அம்பிகா வாசல் மிதியடியிலேயே நின்று, குனிந்து ஷூவைக் கழற்றி, இரண்டையும் ஒரு கையில் பிடித்துக்கொண்டாள். எங்கே வைப்பது என்று தெரியாமல் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். கை கழுவியிருப்பதைக் காட்ட மற்றக் கையின் உள்ளங்கையைக்கூடத் திருப்பினாள். பிறகு என்னிடம், மெதுவாக, தமிழில் கேட்டாள்:

"இந்த வூட்ல ரூல் என்னா?"